அப்பாவின் டிஸ்சார்ஜ் புக் கூழாகிவிட்டது, அம்மாவின் பென்ஷன் நிற்கிறது: என்ன செய்வது?

கேள்வி: என் அப்பா 1963-ல் ராணுவத்தில் சேர்ந்து 1981-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சிக்னல்ஸில், அதாவது தகவல் தொடர்புப் படையில், இருந்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். 2018-ல் கஜா புயலின்போது ஓடுகள் பறந்து, அவருடைய டிரங்குப் பெட்டி முழுக்கத் தண்ணீர். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவு எல்லாம் கூழாகிப் போனதால் தூக்கிப் போட்டுவிட்டோம். பென்ஷன் மாதாமாதம் வந்துகொண்டிருந்ததால் அப்போது யாரும் கவலைப்படவில்லை. சென்ற ஆண்டு அப்பா காலமானார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போனால், வங்கியில் பி.பி.ஓ.வும் டிஸ்சார்ஜ் புக்கும் கொண்டு வரச் சொல்கிறார்கள். அம்மாவின் பெயர் ஆதாரில் 'லெட்சுமி அம்மாள்'. ராணுவத்தில் 'லக்ஷ்மி' என்று கொடுத்ததாக அப்பா சொன்ன ஞாபகம். 15,000 ரூபாய் கொடுத்தால் புதுப் புத்தகம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
— வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் புக்குக்கு மாற்று தரும் அதிகாரம் படைவீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் ராணுவத்தின் ரெக்கார்டு ஆபீஸ் ஒன்றுக்குத்தான் உண்டு. அங்கே புரோக்கருக்கென்று தனி வாசல் இல்லை. அவர் அனுப்பப் போவதும் உங்கள் அம்மா கையெழுத்துப் போட்ட ஒரு மனுவைத்தான். அதை நீங்களே அனுப்பலாம், எழுதித் தர உங்கள் மாவட்டத்தில் அரசு அலுவலகமே இருக்கிறது. அதோடு, அம்மாவின் ஆதார் நகல், வங்கிப் புத்தகம், போனுக்கு வரும் ஓ.டி.பி. எதையும் அந்த நபரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போய் அம்மாவின் கணக்கில் எதுவும் மாற்றப்படவில்லையே என்று பார்த்துவிடுங்கள்.

நான் பல வருடம் ரெக்கார்டு ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகும் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இருக்கும் பயம் எனக்குப் பழக்கமானது. 'புத்தகம் போனது, அப்பாவின் 18 வருஷ சர்வீஸே போய்விட்டது' என்ற பயம் அது. அப்படி எதுவும் போகவில்லை. டிரங்குப் பெட்டியில் இருந்தது ஊருக்குக் கிளம்பும்போது அவர் கையில் கொடுத்து அனுப்பிய புத்தகம். அது எதைப் பார்த்து எழுதப்பட்டதோ அந்த மூலப் பதிவு, ஷீட் ரோல் என்று நாங்கள் சொல்வது, ரெக்கார்டு ஆபீஸிலேயே இருக்கிறது. படையில் சேர்ந்த தேதி, டிரெய்னிங், பதவி உயர்வு, எந்தெந்த யூனிட், என்னென்ன பதக்கம், எப்போது கல்யாணம், மனைவி பெயர், பிள்ளைகள் பிறந்த தேதி எல்லாம் அதில் ஏறியிருக்கும். உங்கள் அப்பா பென்ஷன் வாங்கியவர் என்பதால் பிரயாக்ராஜில், பழைய ஆட்கள் வாய்க்கு அலகாபாத், பென்ஷன் கணக்கு அலுவலகத்திலும் அவருடைய கோப்பு தனியாக இருக்கும்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று டிஸ்சார்ஜ் புக், இன்னொன்று அம்மாவின் பென்ஷன். புத்தகம் கிடைத்த பிறகுதான் பென்ஷன் என்று வரிசை வைக்காதீர்கள். புத்தகம் வர மாதங்கள் ஆகலாம், அதுவரை அம்மா காத்திருக்கத் தேவையில்லை. இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பியுங்கள், பென்ஷனுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுங்கள்.

இரண்டுக்கும் அடிப்படை அப்பாவின் ஆர்மி நம்பர். பெயரை வைத்துத் தேடுவது பெரும்பாடு. அதே பெயரில், அதே மாவட்டத்தில், அதே வருடத்தில் சேர்ந்தவர்கள் பலர் இருப்பார்கள். நம்பர் ஒருவருக்கு ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டால் கோப்பு எடுக்கும் வேலை சுலபம். உங்களிடம் நம்பர் இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆனால் வீட்டில் எங்கோ அது இருக்கும். தேட வேண்டிய இடங்களைச் சொல்கிறேன்.

அப்பாவின் பதக்கங்கள் இருக்கின்றனவா? 1963-லிருந்து 1981 வரை இருந்தவர் என்றால் 1965, 1971 இரண்டு போர்க் காலத்திலும் சர்வீஸில் இருந்திருக்கிறார். ஏதாவது பதக்கம் கட்டாயம் இருக்கும். ரிப்பனையும் முகப்பையும் விட்டுவிட்டு வட்டத்தின் விளிம்பைப் பாருங்கள். டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து மெதுவாகத் திருப்பினால், ஒரு ரூபாய் நாணயத்தின் ஓரம் அளவுக்கு இருக்கும் அந்த விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கில எழுத்தில் பொடிசாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நட்சத்திர வடிவப் பதக்கம் என்றால் பின்பக்கம் பாருங்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். புயலில் காகிதமெல்லாம் போன வீடுகளில் கடைசியில் நம்பரைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் இந்த விளிம்புதான்.

பதக்கம் இல்லையென்றால் கேன்டீன் கார்டு, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை எதிலாவது நம்பர் இருக்கும். அப்பா அம்மாவுக்கு எழுதிய பழைய கடிதங்களில் அனுப்புநர் முகவரியில், '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்ற வரிக்கு மேலே, முதலில் எழுதியிருப்பது நம்பராகத்தான் இருக்கும். மணியார்டர் துண்டுச் சீட்டில் இருக்கலாம். யூனிட்டில் எடுத்த குரூப் போட்டோவின் பின்பக்கத்தில் அவரே எழுதி வைத்திருக்கலாம். உங்கள் பள்ளிக்கூடத்தில் 'படைவீரர் குழந்தை' என்று சலுகை வாங்க ஒரு சான்று கொடுத்திருந்தால் அதன் நகல் பழைய ஃபைலில் கிடக்கலாம்.

வீட்டில் எதுவுமே கிடைக்கவில்லையா? இருக்கவே இருக்கிறது பென்ஷன் போட்ட வங்கி. பென்ஷன் வரவு வைத்த கிளையில் பி.பி.ஓ.வின் நகல் ஒன்று இருந்திருக்கும். பென்ஷன் வேலை வங்கியிலிருந்து ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்புக்கு மாறிவிட்டிருந்தால் அங்கே அப்பாவின் பெயரில் கணக்கு ஒன்று இருக்கும், அதில் சர்வீஸ் நம்பரும் பி.பி.ஓ. நம்பரும் வரும். பழைய பி.பி.ஓ. நம்பர் எஸ் எழுத்தில் ஆரம்பித்தால் சர்வீஸ் பென்ஷன், டி என்றால் ஊனமுற்றோர் பென்ஷன். இந்த நம்பர் கிடைத்தாலும் ரெக்கார்டு ஆபீஸ்காரர்கள் ஆர்மி நம்பரைப் பிடித்துவிடுவார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பதிவேட்டையும் மறக்காதீர்கள். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அங்கே போய்ப் பெயரைப் பதிந்திருப்பார்கள். 1981-ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாக இல்லை, ஒன்றாக இருந்த தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் நாகையில் இல்லையென்றால் தஞ்சாவூர் அலுவலகத்திலும் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, நம்பர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எங்கே எழுதுவது? ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனியாக ஒரு ரெக்கார்டு ஆபீஸ் உண்டு. உங்கள் அப்பா சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன்: மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற எம்.இ.ஜி.க்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, வாகனம், இயந்திரம் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத், மருத்துவப் படைக்கு லக்னோ. விமானப் படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப் படை ரெக்கார்டு ஆபீஸ். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸ். ராணுவத்திலிருந்து வந்த பிறகு டி.எஸ்.சி. என்ற பாதுகாப்புத் துறைக் காவல் படையில் மறுபடி சேர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு சர்வீஸுக்கும் தனித்தனி நம்பர், தனித்தனி புத்தகம். இரண்டாவதற்குக் கண்ணூருக்கு எழுத வேண்டும். அப்பா ஆலையிலோ கிடங்கிலோ சீருடையோடு காவல் வேலை பார்த்ததாகப் பிள்ளைகள் சொன்னால், அது டி.எஸ்.சி.யா என்று விசாரிப்பது நல்லது. அந்த இரண்டாவது சர்வீஸ் இருப்பதே தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு.

மனுவை அம்மாதான் கொடுக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் மகனோ மகளோ தன் பெயரில் எழுதிப் போட்டு, 'மனைவி விண்ணப்பிக்கவும்' என்று மனு திரும்பி வந்து, அதிலேயே சில மாதங்கள் போய்விடும். அப்பா உயிரோடு இருக்கும்வரை அவர்தான் கேட்கலாம். அவருக்குப் பிறகு மனைவி. மனைவியும் இல்லையென்றால்தான் பிள்ளைகள், அதுவும் வாரிசுச் சான்றோடு. அம்மாவுக்குக் கையெழுத்து வராது என்றால் கைநாட்டு போதும், ஆனால் அதற்குக் கீழே நல அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள்.

மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கட்டும். ஜபல்பூரில் தமிழ் படிக்கிற கிளார்க் கிடைப்பார் என்று நம்பி அனுப்பக் கூடாது. நீளமாக எழுத வேண்டியதில்லை. மேலே நம்பர், ரேங்க், பெயர். அடுத்து அவருடைய அப்பா பெயர், சேரும்போது இருந்த ஊர், தாலுகா, மாவட்டம். சேர்ந்த வருடம், வந்த வருடம். பி.பி.ஓ. நம்பர், பென்ஷன் வந்த வங்கியும் கிளையும். பிறகு, 'என் கணவர் இன்ன தேதியில் காலமானார். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் வீடு சேதமடைந்து டிஸ்சார்ஜ் புக் அழிந்துவிட்டது. அதற்கு மாற்று வழங்கவும். பதிவேட்டில் மனைவி, பிள்ளைகள் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் தெரிவிக்கவும்' என்று நாலு வரி. அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பெயர்ச் சிக்கலுக்கு அதுதான் வழி, கீழே சொல்கிறேன்.

கூட இணைக்க வேண்டியவை: அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவின் ஆதார், போட்டோக்கள், புத்தகம் அழிந்ததற்கான ஆதாரம். தொலைந்த கேஸ் என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும், பிறகு 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்றும் வாங்க வேண்டியிருக்கும். உங்களுடையது தொலைந்ததல்ல, புயலில் அழிந்தது. அதையே அப்படியே சொல்லுங்கள். பஸ்ஸில் தவறவிட்டோம் என்று யாராவது எழுதச் சொன்னால் கேட்காதீர்கள். உறுதிமொழிப் பத்திரத்தில் பொய் சேர்ந்தால் பின்னால் வேறொரு கோப்போடு இடிக்கும். கஜாவில் வீடு சேதமானதற்கு கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று கேளுங்கள். புயல் நிவாரணம் வாங்கியிருந்தால் அந்த விவரத்தையும் சேருங்கள். இருந்தாலும் சில ரெக்கார்டு ஆபீஸ்கள் சி.எஸ்.ஆர். இல்லாமல் நகர மாட்டார்கள், அதனால் அதையும் ஒன்று போட்டு வைத்துவிடுவது நல்லது. முத்திரைத்தாளில் நோட்டரி முன்னால் அம்மாவின் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று. இதற்கான செலவும் தபால் செலவும்தான் நீங்கள் நியாயமாகச் செய்ய வேண்டிய செலவு. ரெக்கார்டு ஆபீஸ் ஏதாவது கட்டணம் கேட்டால் கடிதத்தில் எழுதித்தான் கேட்பார்கள், அரசுக் கணக்கில் செலுத்தச் சொல்வார்கள். போன் போட்டு யாருடைய நம்பருக்கோ அனுப்பச் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே உதவி இயக்குநர் கையெழுத்தோடு, அலுவலக முத்திரையோடு ரெக்கார்டு ஆபீஸுக்குப் போகும் மனுவுக்கு இருக்கும் மரியாதை நேரே போகும் மனுவுக்கு இல்லை. இது பாரபட்சமில்லை. ஜபல்பூரில் இருப்பவருக்கு உங்கள் அம்மாவைத் தெரியாது. இவர்தான் இன்னாருடைய மனைவி என்று அடையாளம் சொல்ல அங்கே நம்பும் ஒரே கை நல அலுவலகம்தான். ஒரு நகலை ஸ்பீடு போஸ்டில் நீங்களும் நேராக அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பதிலாக வருவது பழைய புத்தகம் மாதிரியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 'டூப்ளிகேட்' என்று குறித்த புத்தகமாக வரலாம், அல்லது டிஸ்சார்ஜ் புக்குக்குப் பதிலாக என்று தலைப்பிட்ட சர்வீஸ் சான்றிதழாக வரலாம். கையில் வாங்கியதும் அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், தேதிகள் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஒரு மாதம் பொறுத்தும் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல் கடிதம். அதற்கும் சத்தம் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்தான் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். 'புத்தகம் கொடுங்கள்' என்று அதில் கேட்கக் கூடாது. 'இன்ன தேதியில் அனுப்பிய மனு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, என் கணவரின் ஷீட் ரோல் நகல் தரவும்' என்று தகவலாகக் கேட்க வேண்டும். மனைவி என்பதற்கான சான்றை இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க இடம் கிடைத்துவிடும்.

இனி அம்மாவின் பென்ஷனுக்கு வருகிறேன். என் கவலை முழுக்க இதில்தான்.

அப்பா இறந்ததை ஸ்பர்ஷிலோ வங்கியிலோ முறைப்படி தெரிவித்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதல் வேலை அது. இறந்த பிறகும் அவர் கணக்கில் பென்ஷன் விழுந்திருந்தால் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள். குடும்ப ஓய்வூதியம் அப்பா இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்து கணக்கு. அது மஞ்சூர் ஆக ஒரு வருடம் ஆனாலும் நடுவில் உள்ள மாதங்களின் பணம் அரியராக வந்து சேரும். அந்தப் பணம் போய்விடும் என்ற பயத்தில்தான் ஜனங்கள் புரோக்கரிடம் போகிறார்கள். அது எங்கேயும் போகாது.

வங்கியில் டிஸ்சார்ஜ் புக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே நின்று வாதாட வேண்டாம். நேராக ஸ்பர்ஷ் சேவை மையத்துக்குப் போங்கள், சில வங்கிக் கிளைகளிலும் பொதுச் சேவை மையங்களிலும் இருக்கிறது. சென்னை போக வசதி இருந்தால் தேனாம்பேட்டையில் உள்ள சி.டி.ஏ. என்ற பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்தில் நேரிலேயே கேட்கலாம். அப்பாவின் பி.பி.ஓ.வில் அம்மாவின் பெயர் குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவர் என்று ஏற்கெனவே இருந்தால், இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார், பான், வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு வேலை ஆரம்பமாகிவிடும். இல்லையென்றால் ரெக்கார்டு ஆபீஸிலிருந்துதான் கோப்பு கிளம்ப வேண்டும். 1981-ல் வந்தவர் என்பதால் பெயர் இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு, பயப்படாதீர்கள். நீங்கள் ஜபல்பூருக்கு அனுப்பும் அதே கட்டில் குடும்ப ஓய்வூதிய மனுவையும் சேர்த்துவிடுங்கள்.

பெயர்ச் சிக்கலில்தான் நிதானம் தேவை. வடக்கே உட்கார்ந்திருக்கும் கிளார்க் 1970-களில் கேட்டு எழுதியது 'லக்ஷ்மி'. நம் ஊர் ஆதார் மையத்தில் அடித்தது 'லெட்சுமி அம்மாள்'. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டுக்கும் நடுவில் எழுத்து ஏகப்பட்டது மாறிவிடும். கணினி இரண்டையும் ஒப்பிட்டு 'வேறு ஆள்' என்று நிறுத்திவிடுகிறது. உடனே எல்லாரும் சொல்லும் யோசனை, 'ஆதாரை மாற்றிவிடு'. அதைச் செய்யாதீர்கள். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதை மாற்றினால் ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை, பட்டா எல்லாம் அம்மாவுக்கு எதிராகத் திரும்பும். மாற்ற வேண்டியது ராணுவப் பதிவை. அப்பா சர்வீஸில் இருந்தபோது கல்யாணமும் குழந்தை பிறப்பும் யூனிட் வெளியிடும் பார்ட்-2 ஆர்டர் என்ற உத்தரவில் வெளியாகித்தான் ஷீட் ரோலில் ஏறியிருக்கும். அதில் எந்த எழுத்து இருக்கிறது என்று ரெக்கார்டு ஆபீஸ் பதில் எழுதியதும், அதே எழுத்தைக் குறிப்பிட்டு, 'லக்ஷ்மியும் லெட்சுமி அம்மாளும் நான் ஒருத்தியே' என்று அம்மாவின் உறுதிமொழிப் பத்திரம் போட்டு, நல அலுவலகச் சான்றோடு திருத்தம் கேளுங்கள். அப்பாவின் ஞாபகத்தை நம்பி முன்கூட்டியே பத்திரம் போட்டுவிடாதீர்கள். பதிவில் 'லக்ஷ்மி'யும் இல்லாமல் மூன்றாவதாக ஓர் எழுத்து இருந்தால் அந்தப் பத்திரம் வீண்.

இதைச் செய்யும்போதே அம்மாவின் பிறந்த தேதியையும் பாருங்கள். பழைய பதிவுகளில் மனைவியின் பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது. ஆதாரிலும் நம் அம்மாக்கள் பலருக்கு வருடம் மட்டும் இருக்கும், இல்லாவிட்டால் ஜனவரி 1 என்று இருக்கும். இது வெறும் சம்பிரதாயமில்லை. குடும்ப ஓய்வூதியத்தில் 80 வயது ஆனதும் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100-ல் முழுசாக ஒரு மடங்கு. பிறந்த தேதி பதிவில் இல்லாததால் எண்பதைத் தாண்டியும் அந்தக் கூடுதல் தொகை இல்லாமலே வாழ்ந்து முடித்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறுவதே இல்லை. உங்கள் அம்மா இப்போது எழுபதுகளில் இருப்பார் என்று கணக்குப் போடுகிறேன். இப்போதே ஏற்றிவிடுங்கள்.

இந்தப் பகுதியை வேறு மாதிரி நிலையில் இருப்பவர்களும் படிப்பார்கள். அவர்களில் யாருடைய அப்பாவாவது பென்ஷன் வாங்காதவர், நாலைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர் என்றால் அவசரம் அதிகம். பென்ஷன் இல்லாதவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்று ராணுவ விதி இருக்கிறது. 1985-ல் வந்தவரின் ஷீட் ரோல் இன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டை அழிக்க மாட்டார்கள். நம்பர், பெயர், சேர்ந்த தேதி, வந்த தேதி, காரணம் என்று ஒரு வரிக்குள் அடங்கும் பதிவு அது. 'ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது' என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல், லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 60-களில், 70-களில் சில வருடம் படையில் இருந்துவிட்டு ரிசர்வுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் அந்த ஒரு வரி மிக முக்கியம். படையில் இருந்ததும் ரிசர்வில் இருந்ததும் சேர்ந்து 15 வருடம் தேறினால் ரிசர்விஸ்ட் பென்ஷனுக்கு உரிமை உண்டு. 65 வயது தாண்டி வருமானம் இல்லாமல் இருக்கும் பென்ஷன் இல்லாத வீரர்களுக்கும் விதவைகளுக்கும் முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு வழியாக மாதாந்திர உதவி உண்டு. அதற்கும் படையில் இருந்ததற்கான சான்று வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு நாகைக்குக் கிளம்புங்கள். இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார், பான், வங்கிப் புத்தகம், பதக்கங்கள், பழைய கடிதம் எது கிடைத்தாலும் அது, ஒன்றுவிடாமல் பையில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மூன்று செட் நகல். அம்மாவுக்கென்று விதவையர் அடையாள அட்டைக்கும் அன்றே மனு கொடுத்துவிடுங்கள். பென்ஷன் ஆரம்பமானதும் வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், அதை உங்கள் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். ஜபல்பூரிலிருந்து வரும் பதிலில் ஏதாவது வரி புரியவில்லையென்றால், அம்மாவின் ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் மறைத்துவிட்டு ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். அடுத்த மனுவில் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.